தம்பிக்குப் பாதுகாவலர் மனு போடும் முன்

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. இப்படிப்பட்டவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்பூர்வப் பாதுகாவலர் வேண்டுமென்றால், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் மனு போட வேண்டும்.

பாதுகாவலர் எதற்குத் தேவை என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். குழுவும் அதைத்தான் பார்க்கும். வங்கிக் கணக்கு, நிலப்பத்திரம், சரி. எந்தச் சட்டை போடுவது, யாரோடு பேசுவது என்பதெல்லாம் அவர் விருப்பம்.

அப்புறம் அவரிடமே கேளுங்கள். ஒரு கேள்வியில் ஒரு விஷயம் போதும். என் தம்பி எதைக் கேட்டாலும் “ம்” என்பான். அதனால் இரண்டு படங்களைக் காட்டிக் கேட்பேன். மறுநாள் இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்பேன். இரண்டு நாளும் ஒரே படத்தைத் தொட்டால்தான் அது அவன் பதில். மூத்தவர்கள் பக்கத்தில் இருந்தால் பதில் மாறுகிறது, தனியாகக் கேளுங்கள்.

உடல் சம்பந்தமான முடிவுகளில் இன்னும் கவனம் வேண்டும். லேசான அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண்ணின் கர்ப்பத்தை அவர் சம்மதமில்லாமல் கலைக்கக் கூடாது என்று 2009-ல் சண்டிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாதவிடாய்த் தொல்லைக்காகக் கருப்பையை எடுத்துவிடலாம் என்று உறவினர் சொன்னால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

நியமனமானதும் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். அதைத் தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.