கைதானவருக்கு இலவச வக்கீல்: எங்கே போவது, யாரைக் கேட்பது, பணம் யார் கொடுக்கிறார்கள்?

சட்டத் தன்னார்வலராக நான் உட்காரும் மேசைக்கு ஒரு மாலை ஓர் அம்மா வந்தார். மஞ்சப்பையில் ரேஷன் கார்டு, மகனின் ஆதார் ஜெராக்ஸ், அடகுக்கடை ரசீது. மகன் ரிமாண்டில் போய் நான்கு நாள். வக்கீல் பீஸுக்காக முந்தின நாள்தான் செயினை அடகு வைத்திருந்தார். அந்த ரசீதுக்கு அவசியமே இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நீதிமன்றத்தில் போய் "அரசு வக்கீல் வேண்டும்" என்று கேட்காதீர்கள். அரசு வக்கீல் என்பவர் போலீஸ் தரப்பு வழக்கை நடத்துபவர். நீங்கள் கேட்க வேண்டியது "இலவச சட்ட உதவி".

படி 1: அலுவலகத்தைக் கண்டுபிடியுங்கள்

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி; அன்றாட வேலையைப் பார்ப்பவர் செயலாளர், அவரும் நீதிபதிதான். தாலுகா நீதிமன்றம் என்றால் வட்ட சட்டப் பணிகள் குழு. போக முடியாவிட்டால் 15100-க்கு போன் செய்யுங்கள்.

படி 2: தகுதி

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆவது பிரிவு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருடன் காவலில் இருப்பவரும் அதில் வருகிறார். இவர்களிடம் வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு.

படி 3: ரிமாண்ட் அன்றே கேளுங்கள்

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது "எனக்கு வக்கீல் இல்லை, சட்ட உதவி வேண்டும்" என்றால் போதும். கேட்கத் தெரியாதவருக்கும் உரிமை உண்டு. அருணாச்சலப் பிரதேச வழக்கு ஒன்றில், சட்ட உதவி உண்டு என்பதையே சொல்லாமல் தண்டித்ததால், சுக் தாஸ் என்பவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1986-இல் ரத்து செய்தது. அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். முதல் வாரத்தில் ஜாமீன் மனு போடுவதும் போடாமல் இருப்பதும் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே மாற்றிவிடும்.

படி 4: யார் வாதாடுவார்?

முன்பெல்லாம் பேனல் வக்கீல்தான், அதாவது ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள தனியார் வக்கீல். சொந்த வழக்குகளுக்கு நடுவே இதையும் பார்ப்பார். வழக்குக்கு இவ்வளவு என்று பில் போட்டுப் பணம் வாங்குவார். 2022-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு புது முறை கொண்டுவந்தது: எல்.ஏ.டி.சி. (Legal Aid Defense Counsel), அதாவது சட்ட உதவி எதிர்வாத வக்கீல் முறை. மாவட்டத்தில் தனி அலுவலகம், மாதச் சம்பளத்தில் முழுநேர வக்கீல்கள். தலைமை வக்கீலுக்குக் குற்றவியலில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும். வெளி வழக்குகள் எடுக்கக் கூடாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்: வாய்தா அன்று "சார் வேற கோர்ட்ல இருக்கார்" என்ற பதில் வரக் காரணமில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டுமே இவர்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேனல் வக்கீல் கிடைப்பார்.

படி 5: பணம் எங்கிருந்து வருகிறது?

மத்திய அரசு தரும் மானியம் தேசிய ஆணைக்குழு வழியாக மாநில ஆணைக்குழுவுக்கும், அங்கிருந்து மாவட்ட நிதிக்கும் வருகிறது. எல்.ஏ.டி.சி. சம்பளம் இந்த வழியில் வருவதுதான். ஆணைக்குழு ஊழியர் சம்பளமும் நிர்வாகச் செலவும் மாநில அரசுடையது. எல்லாம் மக்கள் வரிப்பணம். ஆகவே கையேந்துகிறோமே என்ற கூச்சம் வேண்டாம். அந்த அம்மா கடைசிவரை "எவ்வளவு கட்டணும் சார்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றும் கட்ட வேண்டாம். ஜெராக்ஸ், டைப்பிங் என்று வக்கீலோ குமாஸ்தாவோ காசு கேட்டால், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பிரதி ஒன்றில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.