ஸ்ட்ராடி போகும் முன் வாடகை காரின் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்

பிரிஸ்பேனுக்கு வந்து வீடு, வேலை, வரி எண், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று முதல் இரண்டு மாதம் ஓடி முடிந்ததும் எல்லாருக்கும் ஓர் ஆசை வரும், ஒரு சனி ஞாயிறு எங்காவது கடலைப் பார்த்துவிட்டு வரலாமே என்று. யாரைக் கேட்டாலும் ஸ்ட்ராடி என்பார்கள். வரைபடத்தில் நார்த் ஸ்ட்ராட்புரோக் தீவு, அந்த மண்ணின் சொந்தக்காரர்களான குவாண்டமூக்கா மக்களுக்கு மிஞ்செரிபா. கட்டாயம் போங்கள். ஆனால் நான் போன மாதிரி போகாதீர்கள்.

சட்ட சமாச்சாரத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். தற்காலிக விசாவில் இருப்பவர்கள், ஊர் லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருந்தால் அதை வைத்தே ஓட்டலாம். பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கியவர்களுக்குக் குயின்ஸ்லாந்தில் 3 மாதம்தான் அவகாசம். 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அதற்கான சீட் வேண்டும், மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். ஓட்டும்போது ஃபோனைக் கையில் எடுத்தால் ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம், கேமரா மேலே இருந்து மடியையே படம் எடுக்கிறது. சாலையில் இடது பக்கம்தான், அதில் மட்டும் ஊர் மாதிரியே.

அடுத்து படகு. நான் ராமநாதபுரத்துக்காரன். தீவு என்றால் பாம்பன் பாலத்தில் ஏறி நினைத்த நேரத்தில் அந்தப் பக்கம் போய் இறங்குவதுதான் என்று மனதில் பதிந்துபோன ஆள். இங்கே பாலம் கிடையாது. பிரிஸ்பேனை ஒட்டிய கிளீவ்லாந்தில் டூண்டா துறைமுகம் என்று ஒன்று இருக்கிறது, அங்கிருந்து காரோடு ஃபெர்ரியில் ஏறினால் ஏறக்குறைய 50 நிமிடத்தில் தீவின் டன்விச்சில் இறங்கலாம். ஆள் மட்டும் போகும் படகுக்கு அதில் பாதி நேரம். ஈஸ்டர், கிறிஸ்துமஸ், பள்ளி விடுமுறை, நீண்ட வாரக்கடைசி என்றால் காருக்கான இடம் முன்பே தீர்ந்துவிடும், அதனால் வீடு பிடிப்பதற்கு முன் ஃபெர்ரியைப் பிடியுங்கள். டன்விச்சிலிருந்து தீவின் மற்ற ஊர்களான பாயின்ட் லுக்அவுட்டுக்கும் அமிட்டிக்கும் நல்ல தார் ரோடு. சாதாரண காரே போதும். இந்த வரியை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் இதை எழுதும் வேலையே இருந்திருக்காது.

சரி, கதைக்கு வருகிறேன். பெரியம்மா மகன் குடும்பத்தோடு இங்கே வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு குடும்பமும் என் பழைய காரில் அடங்காது என்று ஏழு பேர் உட்காரும் ஒரு ஆல் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்தேன். கவுண்டரில் இருந்த பையன் நாளுக்கு இத்தனை டாலர் கூடக் கொடுத்தால் ஃபுல் கவர் என்றான். நமக்கு ஃபுல் கவர் என்றால் என்ன? பம்பர் டு பம்பர். எது உடைந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. கடற்கரையில் வண்டி ஓட்ட வாங்க வேண்டிய பர்மிட்டையும் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். பர்மிட் இருக்கிறது, ஃபுல் கவர் இருக்கிறது, ஃபெர்ரி டிக்கெட் இருக்கிறது, வேறு என்ன வேண்டும்?

தீவில் ஃபிளிண்டர்ஸ் பீச்சுக்கு இறங்கும் மணல் பாதையில் நின்று ஒரு நிமிடம் யோசித்தேன். "அண்ணே, தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வர்றதுக்கு முன்னாடி மணல்லதானே வேன்ல போவோம், இதெல்லாம் நமக்கு ஒரு விஷயமா" என்றான் தம்பி. ஆமாம், போயிருக்கிறோம். ஓட்டியது நாங்கள் இல்லை, தினமும் அதிலேயே போய்வந்த டிரைவர் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. டயரில் காற்றைக் குறைக்காமல் இறங்கினேன். பாதை முடிந்து கடற்கரை தொடங்குகிற இடத்தில் மணல் மாவு மாதிரி இருக்கும். மிதிக்க மிதிக்க டயர் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மிதித்து, கடைசியில் வண்டி வயிற்றை மணலில் வைத்துப் படுத்துவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. நீரேற்ற அட்டவணை என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தன் வண்டியிலிருந்து மண்வெட்டியும் இரண்டு ஆரஞ்சுப் பலகைகளும் எடுத்துவந்தார். முதலில் நாலு டயரிலும் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கினார், அப்புறம் தோண்டினார், பலகையைச் செருகினார், பின்னாலேயே எடுக்கச் சொன்னார். அரை மணி நேரம் ஆனது. அதற்குள் அலை வந்து சக்கரத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. என் மனைவி கொடுத்த புளியோதரையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் அதைத் தூக்கி அடிப்பக்கத்தைப் படம் எடுத்தார்கள். மணல், உப்பு. கூடவே வண்டி எங்கெல்லாம் போனது என்று காட்டும் டிராக்கர் வேறு. முன்பணம் போனது, கழுவிய கூலி, பிரேக் பாகங்கள், பட்டறையில் வண்டி நின்ற நாட்களுக்கு வாடகை என்று எல்லாம் சேர்த்து 4,100 டாலர். ஃபுல் கவர்? ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் தெளிவாக இருக்கிறது: கடற்கரை, தார் போடாத பாதை, உப்புத் தண்ணீர், வண்டியின் அடிப்பக்கம், இவை எதற்கும் கவர் கிடையாது. தீவுக்குக் கொண்டுபோவதற்கே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம். கிரெடிட் கார்டோடு வந்த பயணக் காப்பீட்டைக் கேட்டால், ஒப்பந்தத்தை மீறியதால் நாங்களும் தரமாட்டோம் என்றார்கள். கடற்கரையில் வண்டி இறங்கலாம் என்பதற்குத்தான் பர்மிட். யாருடைய வண்டி என்று அது கேட்பதில்லை. இது என் மரமண்டையில் ஏற 4,100 டாலர் ஆனது.

அதனால் வண்டி எடுக்கும் முன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, பீச், அன்சீல்டு ரோடு, அண்டர்பாடி, வாட்டர், ஐலண்ட் என்ற ஐந்து சொற்களை மட்டும் தேடிப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கவுண்டர் பையன் தலையாட்டியது எங்கேயும் செல்லாது. மணலில் ஓட்டியே தீர வேண்டும் என்றால் அதற்கென்றே ஃபோர் வீல் டிரைவ் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எடுங்கள். ஆல் வீல் டிரைவும் அதுவும் ஒன்றல்ல.

குளிப்பது பற்றி ஒரு வார்த்தை, இதில் நான் கறார். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். நம் ஊர்க் கடலில் நீந்திய தைரியம் இங்கே உதவாது, அந்த ரிப் என்கிற நீரோட்டம் நிற்கிற ஆளையே இழுத்துக்கொண்டு போகும். மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து கையைத் தூக்குங்கள். குடும்பத்தோடு போனால் சிலிண்டர் பீச் நல்லது.

எங்கள் இரண்டாவது பயணம் கார் இல்லாமல். பிரிஸ்பேனில் 50 சென்ட் கொடுத்து ரயில் ஏறினால் கிளீவ்லாந்து, அங்கிருந்து படகுத்துறைக்கு பஸ், தீவிலும் டன்விச்சிலிருந்து பாயின்ட் லுக்அவுட்டுக்கு பஸ் ஓடுகிறது. அங்கே நார்த் கார்ஜ் நடைபாதையில் நின்றால் ஜூனிலிருந்து நவம்பர் வரை திமிங்கிலம் தெரியும், படகுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். முதல் திமிங்கிலம் தண்ணீரைப் பீய்ச்சியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவுமே பேசவில்லை. அப்புறம் தீவில் இருக்கும் பிரவுன் லேக் என்ற ஏரியின் தண்ணீரைப் பார்த்து "என்னடா இது, யாரோ டிகாஷன் இறக்கி வெச்ச மாதிரி" என்றாள். சுற்றியிருக்கும் மரங்களின் சாறு இறங்கி அப்படி ஆகிறது. குவாண்டமூக்கா மக்களுக்கு முக்கியமான இடம் அது, சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

தம்பி இப்போது சொந்தமாக ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறானாம். வாங்கட்டும். வாங்குவதற்கு முன் கீழே படுத்துத் துரு பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பாதி வண்டிகள் இந்த மாதிரிக் கடற்கரையில் ஓடி வந்தவையாகத்தான் இருக்கும்.