நண்டுக்கோதை அரைத்துக் கடலட்டைக்குப் போடுமுன்

இலங்கையின் வடக்கில் கடலட்டைப் பண்ணைகள் பெருகப் பெருக, நண்டும் இறாலும் பதப்படுத்தும் இடங்களில் மிஞ்சுவதைத் தீனியாக்கினால் என்ன என்ற யோசனையும் கூடவே வந்துவிட்டது. யோசனை பிழையில்லை. இறாலின் எடையில் பாதிக்குக் கிட்டத் தலையும் ஓடுமாகப் போகிறது, நீலக்கால் நண்டில் சதை எடுத்தபின் மிஞ்சுவது அதைவிட அதிகம். சும்மா கிடைக்கிறதே என்று கோழிக்கு அரிசி எறிவதுபோல எறிந்தால்தான் வினை.

முதல் பிழை அட்டையைக் கடித்துத் தின்னும் பிராணி மாதிரி நினைப்பது. அது பிராணிதான், ஆனால் இங்கே பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளை அட்டை என்ற கடலட்டை இனத்தின் வாயில் பல் கிடையாது. வாயைச் சுற்றியுள்ள 20 உணர்கொம்புகளால் மேல்மண்ணை அள்ளி விழுங்கி, மணலில் ஒட்டியிருக்கும் பக்டீரியா, நுண்பாசி, மக்கிய துகள் இவற்றைச் செரித்துவிட்டு மிச்ச மணலை வெளியே தள்ளுகிறது. அதாவது நீங்கள் போடும் இறால் தலை அட்டைக்கு அல்ல, மண்ணிலுள்ள பக்டீரியாவுக்கு. அது பெருகினால்தான் அட்டைக்குச் சாப்பாடு. பச்சைத் தலையை அப்படியே போட்டால் அட்டை தொடாது, நண்டும் மீனும் வாசம் பிடித்து வரும், வந்த நண்டு சின்னக் குஞ்சுகளையும் விடாது. காயவைத்து, மா போல அரைத்து, மணலோடு கலந்துதான் போட வேண்டும். நேரம் பின்னேரம், ஏனென்றால் வெள்ளை அட்டை பகலில் புதைந்து கிடந்து வெயில் சாய்ந்தபின்தான் மேயக் கிளம்பும்.

அடுத்தது ஆய்வுகூடத் தாளை நம்பி ஏமாறுவது. வழமையான சோதனையில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். கோதில், அதாவது ஓட்டில், இருக்கும் கைட்டின் என்ற கெட்டியான பொருளிலும் ஏறத்தாழ 7 வீதம் நைதரசன் உண்டு. ஆகவே ஒரு துளி புரதம்கூட இல்லாத சுத்தக் கைட்டினைக் கொடுத்தாலும் தாளில் 43 வீதம் புரதம் என்று வரும்! நண்டுக்கோது மாவை ‘உயர் புரதம்’ என்று யாராவது விற்க வந்தால் கைட்டினைக் கழித்துக் கணக்குப் போட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோதில் கல்சியம் இருக்கிறது, அட்டையின் தோல் தடிக்கும் என்று சொல்வோரும் உண்டு. கடல்நீரிலேயே லீற்றருக்கு 400 மில்லிகிராம் அளவில் கல்சியம் கரைந்து கிடக்கிறது. போதாததற்கு, வெள்ளை அட்டைத் தோலிலுள்ள சுண்ணாம்புப் படையைப் பதப்படுத்தும்போது மினக்கெட்டுத் தேய்த்து எடுக்கிறோம். எடுக்கிறதை ஏன் ஊட்ட வேண்டும்?

நியூசிலாந்தில் மட்டிப் பண்ணைகளின் கீழே கடலட்டை நன்றாக வளர்கிறது என்று படித்துவிட்டு இங்கே சிப்பி ஓட்டைக் கொட்டப் பார்ப்பதும் நடக்கும். அங்கே அட்டை தின்பது உயிருள்ள மட்டிகளின் எச்சம், மென்மையாக, பக்டீரியா நிறைந்து, கொஞ்சம் கொஞ்சமாக விழுவது. தொழிற்சாலைக் கழிவு அப்படி இல்லை. இன்னொரு குறுக்கு யோசனை, அட்டையையும் உயிர் இறாலையும் ஒரே குளத்தில் விடுவது. நியூ கலிடோனியாவில் வெள்ளை அட்டையோடு இதைச் செய்து பார்த்து, சரிவராது என்று 2007இல் எழுதியே வைத்துவிட்டார்கள்.

இறால் கறுக்காமலிருக்கப் பல இடங்களில் சோடியம் மெற்றாபைசல்பைற்றில் நனைப்பார்கள். அது நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்னும் சாமான். கழிவை வாங்குமுன் என்ன மருந்து போட்டது, தரை கழுவிய குளோரின் தண்ணீர் அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு நான்கைந்து தரம் நல்ல தண்ணீரில் அலசாமல் போடுகிறவர்கள் தொட்டியில்தான் விளைவைப் பார்ப்பார்கள்.

சரி, எவ்வளவு போடலாம்? இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கூடப் போட்டால் கூட வளரும் என்பது அட்டையில் எடுபடாது. சதுர மீற்றருக்கு மொத்த எடை 225 கிராம் அளவை எட்டும்போதே வெள்ளை அட்டையின் வளர்ச்சி மந்தமாகத் தொடங்குகிறது, அதன்பின் தீனியை ஏற்றினால் மிஞ்சியது மண்ணுக்குள் அழுகி, ஒட்சிசன் தீர்ந்து, ஐதரசன் சல்பைட் என்ற நச்சு வாயு கிளம்பும். பிடி மண்ணைக் கிண்டிப் பாருங்கள். மேலே மண்ணிறம், கீழே மெல்லிய சாம்பல் என்றால் பரவாயில்லை. கறுப்பு மேலேறி வந்து கூழ்முட்டை நாற்றம் அடித்தால் அன்றைக்கே தீனியை நிறுத்தி, காற்றைக் கூட்டி, மேல்மண்ணை மாற்ற வேண்டும். புதையும் நேரத்திலும் அட்டைகள் மேலே, சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தால் அது பசியல்ல, கீழே இருக்க முடியவில்லை.

இறால், நண்டுக் கழிவில் நைதரசன் தூக்கல். அரிசித் தவிடோ மரவள்ளி மாவோ போலக் காபன் தரும் ஏதாவது சேர்ந்தால் பக்டீரியா அந்த நைதரசனைத் தன் உடம்பாக்கிக்கொள்ளும், அமோனியாவும் அடங்கும். கழிவு மட்டுமே கொடுப்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவும் குஞ்சுத் தொட்டிக்கும் குளத்துக்கும். கிராஞ்சி, பூநகரிப் பக்கம் போல ஆழமில்லாத கடலில் வலை அடைத்த பண்ணைக்குள் கழிவைக் கொட்டாதீர்கள். வற்றும் பெருக்கும் அதைப் பக்கத்துப் பண்ணைக்கும் கடற்புல்லுக்கும் கொண்டு போகும், அங்கே அட்டைக்கு வேண்டியது ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: வெள்ளை அட்டைக் குஞ்சை 1988இல் தூத்துக்குடியில் பொரிக்கவைத்துக் காட்டியது உங்கள் பக்கம்தான், ஆனால் 2001 முதல் கடலட்டை அங்கே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்.

இங்கே முயல்கிறவர்கள் இரண்டு தொட்டி வையுங்கள், ஒன்றில் கழிவுத் தீனி, மற்றதில் வெறும் கடல்மண். மாதத்துக்கு ஒருமுறை நிறுங்கள், நீர் வடிந்தபின், ஏனென்றால் நீர் குடித்த அட்டை தராசில் நன்றாகவே பொய் சொல்லும்.