வேர் நனையலாம், கழுத்து நனையக்கூடாது: நுவரெலியாவில் சிலீன் மெத்தைப்பூ

ஆல்ப்ஸ், ராக்கி மலைகளில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலேயும், ஆர்க்டிக் பகுதியிலும், பாறை இடுக்கில் பாசி உருண்டை மாதிரி ஒட்டிக் கிடக்கும் செடி சிலீன் அகோலிஸ். அகோலிஸ் என்றால் தண்டில்லாதது. உயரம் 2 முதல் 5 சென்றிமீற்றர்தான். கவ்வாத்து வெட்டிய தேயிலை மட்டம்போல மேலே வழவழப்பாக இருக்கும். இதை யாரும் வெட்டுவதில்லை; காற்றுக்குத் தப்ப இப்படி ஒடுங்கி வளரும். வெயில் நாளில் மெத்தையின் உட்புறம் வெளிக்காற்றைவிடப் பல பாகை சூடாக இருக்கும். கீழே ஒற்றை ஆணிவேர் ஆழமாக இறங்கும். அலாஸ்காவில் 300 ஆண்டுக்கு மேல் வயது மதிப்பிடப்பட்ட மெத்தைகள் உண்டு. பொறுமைக்கும் நீண்ட ஆயுளுக்கும் இதைக் காட்டுவது அதனால்தான்.

வடக்கு நாடுகளில் இதற்குத் திசைகாட்டிச் செடி என்றும் பெயர். வெயில் தெற்கிலிருந்து விழுவதால் மெத்தையின் தெற்குப் பக்கம் முதலில் பூக்கும்; வழி தவறியவர் அதைப் பார்த்துத் திசை அறியலாம் என்பார்கள். அந்தக் கதை நம் ஊரில் செல்லாது. நுவரெலியா வடக்கு அகலக்கோடு 7 பாகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை உச்சி வெயில் வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. நமக்கு மலைப்பூ என்றால் குறிஞ்சி; சங்கப் பாட்டில் அது காதலர் கூடலுக்கு அடையாளம். பல ஆண்டுக்கு ஒருமுறை மலையே பூத்து முடிந்துவிடுகிற செடி அது. சிலீன் அதற்கு நேர் எதிர்: சிறுகச் சிறுக, ஆனால் வருடா வருடம்.

இங்கே இதைக் கொல்வது வெப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். 1,800 மீற்றருக்கு மேல் வெப்பம் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை விடாமல் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் எதிரி. பனிமலையில் செடியின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், தண்ணீர் உடனே வடியும் சரளையில் இருக்கும். இங்கே அது வாரக்கணக்கில் ஈரத்தில் கிடந்து அழுகும்.

அதனால் தேயிலை மலை மண்ணைத் தொடவேண்டாம். அது புளிப்பானது, களி கலந்தது, தண்ணீரைப் பிடித்து வைக்கும். 5 முதல் 8 மில்லிமீற்றர் கருங்கல் சல்லி இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, சலித்த இலைமட்கு ஒரு பங்கு எடுங்கள். சல்லியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். கல்தூள் தங்கினால் அது அடியில் சீமெந்து போல இறுகி ஓட்டையை அடைத்துவிடும். 5 லீற்றர் கலவைக்கு புளிப்பைக் குறைக்கும் டொலமைற் தூள் ஒரு தட்டைத் தேக்கரண்டி போதும். தேயிலைக்குப் போடும் யூரியா வேண்டவே வேண்டாம். போட்டால் செடி பசுமையாக நீண்டு, மெத்தை கலைந்து, முதல் மழையிலேயே சாயும்.

சட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருக்கவேண்டும். நாலு அங்குல பிவிசி குழாயை 25 சென்றிமீற்றராக வெட்டி, அடியில் கம்பி வலை கட்டினால் கடைச் சட்டியைவிட நல்லது.

விதையை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் முதலில் விவசாயத் திணைக்களத்திடம் இறக்குமதி அனுமதி எடுங்கள். நவம்பர் கடைசியில் விதையை ஈரமணலில் கலந்து பொலித்தீன் பையில் கட்டி, குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் சுமார் 4 பாகையில் ஆறு வாரம் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. இந்தப் பொய்க் குளிர்காலம் இல்லாவிட்டால் பெரும்பாலான விதை முளைக்காது. ஜனவரி நடுவில் அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பைகளில் விதைத்து, மேலே 2 மில்லிமீற்றர் மட்டும் பொடிச்சல்லி தூவுங்கள். இரண்டு முதல் நாலு வாரத்தில் முளை வரும். நாலு இலை விட்டதும் குழாய்க்கு மாற்றிவிடுங்கள். தாமதித்தால் ஆணிவேர் கோப்பையின் அடியில் சுருண்டுகொள்ளும், சுருண்ட வேர் பிறகு நேராகாது. செடியின் கழுத்தைச் சுற்றி 2 சென்றிமீற்றர் வெறும் சல்லி போடவேண்டும். இதில் கஞ்சத்தனம் செய்தால் மற்ற எல்லாம் வீண்.

காலை வெயில் முழுதாக விழும் கிழக்குச் சரிவில் வையுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு எப்படியும் மூட்டம் வந்துவிடும். ஏப்ரல் முடிவதற்குள் 45 சென்றிமீற்றர் உயரத்தில் சரிவாக ஒரு தெளிவான கூரைத் தகடு போட்டுவிடவேண்டும். நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும், காற்று நின்றால் பூஞ்சணம் வரும். தண்ணீரை மேலே ஊற்றாமல், சட்டியைத் தட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும் இரவுகளில் எல்லாச் செடியையும் மூடுவீர்கள். இதை மட்டும் மூடாதீர்கள். அந்தக் குளிர் இதற்கு மருந்து.

நடு மெத்தை பழுப்பானால் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, கறுத்து, நாற்றம் வந்தால் அழுகல்: கெட்டதை வெட்டி எடுத்து, குழியைக் காய்ந்த மணலால் நிரப்புங்கள். மொறுமொறுவென்றால் வேர் காய்ந்திருக்கிறது. இரவோடு இரவாக ஓரத்தில் பள்ளம் விழுந்தால் நத்தைதான். டோர்ச் எடுத்துக்கொண்டு பொறுக்குவதைவிட நல்ல வழி இல்லை.

மெத்தையைப் பிரித்து நடமுடியாது, வேர் ஒன்றுதான். மழை ஓய்ந்த நாட்களில் ஓரத்துக் கொத்தை 2 சென்றிமீற்றர் காம்போடு கிள்ளி, நிழலில் ஈரமணலில் குத்திவைத்தால் வேர் பிடிக்கும்.

பூ? அதில்தான் சிக்கல். காட்டிலேயே முதல் பூவுக்குப் பத்து ஆண்டு வரை ஆகலாம். இங்கிலாந்துத் தாழ்நிலத் தோட்டங்களிலும் இது பூப்பதற்குத் தயங்கும். பச்சை மெத்தையே போதும் என்கிறவர் மட்டும் சிலீன் வைக்கட்டும். பூ கட்டாயம் வேண்டும் என்றால் ஆர்மேரியா நடுங்கள். அதுவும் மெத்தைதான், இளஞ்சிவப்புக் குண்டுப் பூ, இதே கலவையிலும் கூரையிலும் வளரும். அதன் ஆங்கிலப் பெயரான திரிஃப்ட் (thrift) என்பதற்குச் சிக்கனம் என்றும் பொருள் உண்டு. 1937 முதல் 1952 வரை பிரித்தானியாவின் பன்னிரண்டு முனை மூன்று பென்ஸ் நாணயத்தில் இந்தப் பூதான் இருந்தது.