கல்லூரிப் புல்தரையை இயற்கை முறைக்கு மாற்றுவது எப்படி? மெஷினிலிருந்து தொடங்குங்கள்

நம் ஊர்க் கல்லூரிகளில் புல்தரைக்கு நடக்கும் வைத்தியம் கிட்டத்தட்ட ஒன்றேதான். வெளிறினால் யூரியா, காலையும் மாலையும் ஹோஸ் பைப், களை தெரிந்தால் மருந்து, கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிறது என்றால் முந்தின நாள் ஒட்ட ஒரு வெட்டு. இதை இயற்கை முறைக்கு மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் யூரியா மூட்டை இருந்த இடத்தில் மண்புழு உர மூட்டையை வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் புல் மஞ்சளாகும், நிர்வாகமும் யூரியாவுக்கே திரும்பிவிடும். அதனால் இங்கே வரிசையை மாற்றிச் சொல்கிறேன்: முதலில் வெட்டும் மெஷின், அடுத்து தண்ணீர், அப்புறம்தான் உரம்.

இடம் பிடியுங்கள்

வளாகம் முழுவதையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகமே 2008இல் ஒரு ஏக்கரில்தான் ஆரம்பித்தது. வேர் ஆழமாக இறங்கியதும் பாசனத் தண்ணீர் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. அதன் பிறகே மற்ற இடங்களுக்குப் போனார்கள். நமக்கு 5 சென்ட் போதும், சுமார் 200 சதுர மீட்டர். முகப்புக் கட்டடத்துக்கு நேர் எதிரே வேண்டாம். நூலகத்துக்குப் பக்கவாட்டில் இருப்பது மாதிரி ஓரளவு ஒதுங்கிய, நல்ல வெயில் விழும் இடமாகப் பாருங்கள். ஜூன், ஜூலையில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். ஏப்ரலில் ஆரம்பித்தால் புல்லோடு சேர்ந்து நீங்களும் வாட வேண்டியதுதான்.

பராமரிப்பு கான்ட்ராக்டில் இருந்தால், "இந்த இடத்தில் எந்த மருந்தும் ரசாயன உரமும் போடக் கூடாது" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டக்கார அண்ணனிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் புல்லைத் தினமும் பார்ப்பவர் அவர்தான்.

ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள்

பழைய சமையலறைக் கத்தி ஒன்றை எடுத்து, புல்தரையில் 10 செ.மீ. ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி அப்படியே தூக்குங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துப் பழகிய புல்லாக இருந்தால் வேர் பெரும்பாலும் மேலேயே நின்றிருக்கும். அதற்குக் கீழே மண் செங்கல் போல இறுகிக் கிடக்கும். புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே காய்ந்த தண்டும் வேரும் பின்னிய பழுப்பு மெத்தை ஒன்று தெரியும். அது ஒரு செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால் ஊற்றும் தண்ணீர் கீழே இறங்காது. வேரைத் தின்னும், 'சி' எழுத்து மாதிரி சுருண்ட வெள்ளைப் புழு இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்த்ததும் துண்டைத் திரும்பப் பொருத்தி மிதித்துவிடலாம்.

அடுத்தது மண் பரிசோதனை. பத்து இடங்களில் 'வி' வடிவக் குழி எடுத்து, 15 செ.மீ. ஆழம் வரை ஓரத்து மண்ணைச் சீவி, எல்லாவற்றையும் கலந்து கால் கால் பாகமாகக் கழித்து அரை கிலோவாக்குங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் ஆய்வு செய்து தருவார்கள். கார அமிலத் தன்மை, உப்புத் தன்மை, அங்ககக் கரிமம் ஆகிய மூன்றையும் பாருங்கள். கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு. போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைப் புல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். தண்ணீரை மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். மண்ணில் சேருவது உப்பு.

மெஷினை உயர்த்துங்கள்

செலவே இல்லாத வேலை, பலனும் இதில்தான் அதிகம். அருகம்புல் வகையை 3 முதல் 4 செ.மீ. உயரத்திலும், அகல இலையுள்ள பஃபலோ கிராஸை 5 முதல் 6 செ.மீ. உயரத்திலும் வையுங்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இலை நீளமாக இருந்தால் வேரும் ஆழம் போகும். தரையில் நிழல் விழுவதால் களை விதை முளைப்பதும் குறையும்.

வெட்டிய மறுநாள் குனிந்து ஒரு இலை நுனியைப் பாருங்கள். நேராக அறுந்திருந்தால் சரி. நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, சாணை பிடிக்க வேண்டும். வெட்டிய புல்லை அள்ளிக் குப்பையில் கொட்டாதீர்கள், அங்கேயே விழட்டும். புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை அதிலிருந்தே கிடைக்கும். கட்டியாகக் கிடந்தால் மட்டும் விளக்குமாற்றால் பரப்பிவிடுங்கள்.

தண்ணீர்

தினசரி தெளிப்பதை நிறுத்திவிட்டு, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், காலையில், ஆழமாக நனையுங்கள். வெயில் காலத்தில் வாரத்துக்கு மொத்தம் 2.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். சதுர மீட்டருக்கு 25 லிட்டர், நம் 5 சென்டுக்கு 5,000 லிட்டர். ஸ்பிரிங்க்ளர் இருந்தால் நாலைந்து காலி டப்பாக்களை ஆங்காங்கே வைத்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்று ஸ்கேலால் அளந்துவிடுங்கள். நடந்து பார்த்துக் கால் தடம் அப்படியே படுத்துக் கிடந்தால் தண்ணீர் வேண்டும். புல் நிமிர்ந்துவிட்டால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம். கடற்கரை மணலுக்கு இதே அளவை மூன்று நாலு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள்.

இப்போது உரம்

நனைந்த மண்ணில் கடப்பாரையால் 10 செ.மீ. ஆழத்துக்கு, ஒரு சாண் இடைவெளியில் குத்திக்கொண்டே போங்கள். என்.எஸ்.எஸ். மாணவர்கள் பத்துப் பேர் வந்தால் ஒரு காலையில் முடிந்துவிடும். சலித்த மண்புழு உரம் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, பொடித்த வேப்பம் புண்ணாக்கு 100 கிராம். உரத்தோடு, வேர் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடிகளான சூடோமோனாஸும் டிரைக்கோடெர்மா விரிடியும் கலந்து நிழலில் வைத்திருந்து, சாயங்காலம் தூவி, விளக்குமாற்றால் துளைகளுக்குள் தள்ளி, தண்ணீர் விடுங்கள். தூவிய பிறகும் புல் நுனி வெளியே தெரிய வேண்டும். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் இன்னொரு முறை போட்டால் போதும்.

லாரி செம்மண்ணையும் பச்சைச் சாணி எருவையும் கொட்டிப் பரப்பும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கோரைக் கிழங்கும் வெள்ளைப் புழுவும் வளாகத்துக்குள் வருவது பெரும்பாலும் அந்த லாரியில்தான்.

கூடவே ஜீவாமிர்தம். 20 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ நாட்டு மாட்டுச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயறு மாவு, ரசாயனம் படாத வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்து, தினமும் இரண்டு வேளை குச்சியால் கலக்கினால் மூன்று நாளில் தயாராகும். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். 10 லிட்டரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து 5 சென்டுக்கும் தெளிக்கலாம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம். மிச்சத்தை இலைக் குவியலில் ஊற்றுங்கள். ஆமாம், தூங்குமூஞ்சி மரத்து இலையைக் கூட்டிக் கொளுத்துவதையும் இத்தோடு நிறுத்தி, ஒரு மூலையில் மட்க வையுங்கள். அடுத்த ஆண்டு வாங்கும் உர மூட்டை குறையும்.

களையும் பூச்சியும்

கோரையைக் கையால் இழுத்தால் தழை மட்டும்தான் வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். மழை பெய்த மறுநாள் ஒல்லியான களைக்கொத்தால் கிழங்கோடு நெம்பி எடுங்கள். முழுசாக ஒழியாது, அடங்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். புளியாரை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை. அடர்ந்த மர நிழலில் புல் வராத இடத்தில் புல்லோடு மல்லுக்கட்டாமல் இலைச் சருகைப் பரப்பிவிடுங்கள்.

வெள்ளைப் புழு இருந்தால் மெட்டாரைசியம் பூஞ்சாணப் பொடியை உரத்தில் கலந்து மண் ஈரமாக இருக்கும்போது போடலாம். கோடை மழைக்குப் பிறகு அந்தப் புழுவின் தாய் வண்டுகள் கிளம்பும் நாட்களில் விளக்குப் பொறி வைப்பதும் உதவும். பழைய ஸ்டோர் ரூமில் ஃபோரேட் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை கிடந்தால் தொடாதீர்கள்; 2020 இறுதியோடு இந்தியாவில் அதற்குத் தடை வந்துவிட்டது.

முதல் மூன்று மாதம்

யூரியா நின்றதும் பச்சை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இதைத் தொடங்கும் முன்பே முதல்வரிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி கேட்கும். மாதம் ஒருமுறை அதே கத்தியால் ஒரு துண்டு வெட்டி, ஸ்கேலோடு வைத்து வேரைப் படம் எடுங்கள். பக்கத்து யூரியாத் தரையிலும் ஒன்று. நிர்வாகக் கூட்டத்தில் இந்த இரண்டு படமும் பேசும்.

ஆண்டு விழாவுக்கு அங்கேதான் பந்தல் போடுவோம் என்று வந்தால், முந்தின இரண்டு நாளும் தண்ணீர் விடாதீர்கள். ஈர மண்ணில் மிதி பட்டால் இறுகிவிடும். விழா முடிந்ததும் நாற்காலிக் கால் பதிந்த இடங்களைக் கடப்பாரையால் குத்தி, மண்புழு உரம் தூவி, நனைத்து, மூன்று வாரத்துக்குக் கயிறு கட்டி வையுங்கள். குறுக்குவழியில் போகும் பையன்கள் கயிற்றைத் தாண்டித்தான் போவார்கள். அந்தத் தடத்தில் கல் பதித்துப் பாதையே போட்டுவிடுவது உத்தமம்.