சாம்பியன் குதிரை ஓய்வு பெற்ற பிறகு மூத்த குதிரைப் பிரிவைப் படிப்பது எப்படி?

2022 நவம்பரில் அமெரிக்காவின் கீன்லாந்து மைதானத்தில், ஆண்டிறுதிப் பெரும் பந்தயமான பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை எட்டேகால் லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்த கையோடு ஃபிளைட்லைன் என்ற குதிரை ஓய்வு பெற்றது. ஆறு ஓட்டம், ஆறு வெற்றி. அப்படி ஒரு குதிரை போனதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த ஆண்டு யார்? அதற்கு விடை தேடும்போது நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவின் மண் தளப் பந்தயங்களுக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. பர்லாங் என்பது சுமார் 200 மீட்டர் தூரம், லெங்த் ஒரு குதிரையின் உடல் நீளம், கிரேடு பந்தயத்தின் தரம், அதில் கிரேடு 1 உச்சம்.

படி 1: எல்லையைக் குறுக்குங்கள்

நான்கு வயதும் அதற்கு மேலும், ஆண் குதிரைகள், மண் தளம், எட்டு முதல் பத்து பர்லாங். இவ்வளவுதான் நமக்கு வேண்டிய பிரிவு. புல் தளத்தில் ஓடுபவை, ஆறேழு பர்லாங்கோடு நிற்பவை எல்லாம் வேறு கணக்கு. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 2: எட்டுப் பந்தயங்களை ஒரு தாளில் எழுதுங்கள்

ஜனவரியில் பெகாசஸ் உலகக் கோப்பை, மார்ச்சில் சான்டா அனிடா ஹேண்டிகேப், மே மாத இறுதியில் ஹாலிவுட் கோல்டு கப், ஜூனில் மெட் மைல், ஆகஸ்டில் விட்னி, கோடை முடிவில் பசிபிக் கிளாசிக்கும் ஜாக்கி கிளப் கோல்டு கப்பும், நவம்பர் தொடக்கத்தில் பிரீடர்ஸ் கப் கிளாசிக். பெரிய பந்தயம் வேறு சிலவும் உண்டு. ஆனால் ஆரம்பிப்பவர்களுக்கு இந்த எட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே போன ஆண்டு ஜெயித்த குதிரையின் பெயரை எழுதுங்கள்.

கணினியில் அட்டவணை போடலாம்தான். எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். ஓய்வு அறிவிப்பு வரும்போதெல்லாம் பேனாவால் ஒரு பெயரை அடித்தால், காலியான இடம் கண்ணில் படும். முடிவுகளுக்கு ஈக்விபேஸ் தளத்தின் ரேஸ் சார்ட் இலவசம், அதுவே போதும். செய்திக் கட்டுரையில் முதல் இரண்டு குதிரைகளோடு கதை முடிந்துவிடும். சார்ட்டில் கடைசியாக வந்த குதிரைவரை இருக்கும், யார் எந்தக் கட்டத்தில் முன்னால் இருந்தார்கள் என்பதும் இருக்கும். வேகத்தை ஒப்பிட டெய்லி ரேசிங் ஃபார்ம் என்ற பந்தய இதழ் தரும் பேயர் எண் (ஓட்டத்தின் வேகத்துக்கான மதிப்பெண்).

படி 3: ஏன் போனது என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். காரணம் தெரிந்தால்தான் அதே காரணத்துக்காக இன்னும் யார் போகப்போகிறார்கள் என்று ஊகிக்க முடியும்.

ஃபிளைட்லைன் தன் வாழ்நாளில் ஓடிச் சம்பாதித்தது சுமார் 45 லட்சம் டாலர். பிரீடர்ஸ் கப் கிளாசிக் முடிந்த சூட்டோடு கீன்லாந்து ஏலத்தில் அந்தக் குதிரையின் இரண்டரை சதவீதப் பங்கு மட்டும் 46 லட்சம் டாலருக்குப் போனது. அதாவது நாற்பதில் ஒரு பங்கின் விலை, மொத்த ஓட்டத்தின் வருமானத்தைவிட அதிகம். முழுக் குதிரைக்குக் கணக்குப் போட்டால் 18.4 கோடி டாலர். 2023-க்கு லேன்ஸ் எண்ட் பண்ணை நிர்ணயித்த இனச்சேர்க்கைக் கட்டணம் ஒரு குட்டிக்கு 2 லட்சம் டாலர். கிளாசிக்கில் ஜெயித்தவருக்குக் கிடைத்த பரிசு 31.2 லட்சம். பதினாறு குட்டிகள் பிறந்தால் அந்தப் பணம் வந்துவிடும். பந்தயத்தில் கால் உடையும் அபாயமும் கிடையாது.

இன்னும் ஒரு வருடம் அந்த ஓட்டத்தைப் பார்க்கக் கிடைத்திருந்தால் என்று மனம் ஏங்கத்தான் செய்கிறது. பசிபிக் கிளாசிக்கில் பத்தொன்பதேகால் லெங்த் முன்னால் அது தனியாக வந்ததைப் பார்த்த யாருக்கும் அந்த ஏக்கம் இருக்கும். ஆனால் உரிமையாளர் இடத்தில் இருந்து பார்த்தால் முடிவு புரிகிறது.

இனச்சேர்க்கைப் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. அதனால் ஓய்வு அறிவிப்புகள் பெரும்பாலும் நவம்பரில், பிரீடர்ஸ் கப் முடிந்ததும் கொத்தாக வரும். சில குதிரைகள் ஜனவரி கடைசியில் பெகாசஸில் ஒரு தடவை ஓடிவிட்டுப் பண்ணைக்குப் போகும். கன் ரன்னர் 2018-இல் ஜெயித்துவிட்டுப் போனது. 2022-இல் நிக்ஸ் கோ, லைஃப் இஸ் குட் என்ற குதிரையிடம் தோற்று இரண்டாவதாக வந்துவிட்டுப் போனது. ஆகவே உங்கள் தாளைப் பெகாசஸ் முடியும்வரை முடிவானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: கூடவே யாரெல்லாம் போனார்கள்?

என்னை நெடுநாள் நிறுத்தி வைத்த படி இதுதான். சாம்பியன் போனால் இரண்டாவது வந்த குதிரை மேலே வரும் என்று நினைப்பது இயல்பு. நாற்காலி காலியானால் பக்கத்தில் நிற்பவர் உட்காருவார் என்பது போன்ற நினைப்பு. ஆனால் பக்கத்தில் நிற்பவரும் அதே நாளில் கிளம்பிவிடுகிறார்.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். என் தாளில் அந்த ஆண்டின் எட்டு வெற்றியாளர்கள் இப்படி: பெகாசஸும் விட்னியும் லைஃப் இஸ் குட். மெட் மைல், பசிபிக் கிளாசிக், பிரீடர்ஸ் கப் கிளாசிக் மூன்றும் ஃபிளைட்லைன். ஜாக்கி கிளப் கோல்டு கப் ஒலிம்பியாட். சான்டா அனிடா ஹேண்டிகேப் எக்ஸ்பிரஸ் டிரெய்ன். ஹாலிவுட் கோல்டு கப் தேர் கோஸ் ஹார்வர்ட்.

இப்போது பேனாவை எடுங்கள். ஃபிளைட்லைனை அடியுங்கள், மூன்று இடம் காலி. லைஃப் இஸ் குட்டும் அந்த நவம்பரோடு வின்ஸ்டார் பண்ணைக்குப் போனது, இன்னும் இரண்டு. கிளாசிக்கில் இரண்டாவது வந்த ஒலிம்பியாடும் கெயின்ஸ்வே பண்ணைக்குப் போனது, இன்னும் ஒன்று. எட்டில் ஆறு இடத்தை வைத்திருந்த மூன்று குதிரைகளும் ஒரே குளிர்காலத்தில் போய்விட்டன. அதோடு முடியவில்லை. மூன்று வயதுக் குதிரைகளில் முன்னணியில் இருந்த எபிசென்டர் கிளாசிக் ஓட்டத்திலேயே காயப்பட்டு ஓய்வு பெற்றது. ஹாட் ராட் சார்லியும் பண்ணைக்குப் போனது.

அந்த கிளாசிக்கில் ஓடியவற்றில் தைபா, ரிச் ஸ்ட்ரைக் இரண்டும் 2023-இல் திரும்ப வந்தன. அவை இரண்டும் நம் எட்டில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை.

எனவே இந்தப் படியில் செய்ய வேண்டியது: சாம்பியன் கடைசியாக ஓடிய பந்தயத்தின் சார்ட்டை எடுத்து, ஓடிய குதிரைகள் ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டு ஓடுமா என்று தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். ஒரு பெயரையும் விடாதீர்கள். கிரேடு 1 வெற்றியும் நல்ல வம்சமும் உள்ள ஆண் குதிரைக்கு ஐந்து வயதில் ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

2010 முடிவிலும் இதுவேதான் நடந்தது. ஜெனியாட்டா என்ற பெண் குதிரையைத் தலையளவில் தோற்கடித்து கிளாசிக்கை வென்ற பிளேம் போனது. குவாலிட்டி ரோடும் போனது. ஜெனியாட்டாவும் ஓய்வு. 2011-இல் ஆண் குதிரைகளில் யாரும் தலையெடுக்காமல், ஆண்டின் சிறந்த குதிரை விருது ஹாவ்ர் டி கிரேஸ் என்ற பெண் குதிரைக்குப் போனது.

படி 5: கெல்டிங்குகளைத் தனியாகக் குறியுங்கள்

காயடித்த ஆண் குதிரைதான் கெல்டிங். பண்ணையில் அதற்கு வேலை இல்லை. அதனால் உடம்பு ஒத்துழைக்கும்வரை ஓடும். சாம்பியன்கள் கிளம்பிய பிறகும் மிச்சமிருக்கும் அனுபவசாலிகளில் பல இவைதான்.

நான் 2023-இன் எட்டு பெயர்களை எழுதியபோது சான்டா அனிடா ஹேண்டிகேப்புக்கு எதிரே ஸ்டிலெட்டோ பாய், ஹாலிவுட் கோல்டு கப்புக்கு எதிரே டிஃபண்டட். இரண்டும் கெல்டிங். ஃபிளைட்லைன் இருந்த காலத்தில் இவற்றைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பழைய உதாரணம் கேம் ஆன் டியூட். நான் சொன்ன 2011 வெற்றிடத்தில்தான் அது மேலே வந்தது. சான்டா அனிடா ஹேண்டிகேப்பை மூன்று முறை வென்றது. 2013-இல் அதோடு ஹாலிவுட் கோல்டு கப், பசிபிக் கிளாசிக் என்று கலிபோர்னியாவின் மூன்று பெரிய பத்து பர்லாங் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் எடுத்தது. அதற்கும் முன்னால் கெல்சோ 1960 முதல் 1964 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டின் சிறந்த குதிரை. அதுவும் கெல்டிங். பண்ணையின் பணம் குறுக்கே வராதபோது ஒரு குதிரையை எவ்வளவு காலம் பார்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு குதிரையின் பாலினத்தையும் தேடிப் பெயருக்குப் பக்கத்தில் குறியுங்கள். அதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 6: ஜனவரி 1

வட அரைக்கோளத்தில் எல்லா பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும். போன ஆண்டு கென்டக்கி டெர்பியில் ஓடியவை அன்றைக்கு மூத்த குதிரைகள் ஆகிவிடும். புது ரத்தம் வருவது இங்கேதான்.

டெர்பியில் தோற்றதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபது குதிரை நெரிசலில் ஓடும் பந்தயம் அது. வைட் அபாரியோ 2022-இல் ஃபுளோரிடா டெர்பியை ஜெயித்துவிட்டு, கென்டக்கி டெர்பியில் பதினாறாவதாக வந்தது. நான்கு வயதில், 2023-இல், விட்னியையும் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்றது. இதைப் போன்ற குதிரைகளைத் தேடுங்கள்: மூன்று வயதில் ஒரு கிரேடு 1 வெற்றி, பிறகு ஒரு சரிவு, காயம் இல்லை, உரிமையாளர் தொடர்ந்து ஓட்டத் தயார்.

படி 7: தூரம்

எட்டு பர்லாங்கில் ராஜாவாக இருப்பது ஒன்பதில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2023 மெட் மைலில் கோடீஸ் விஷ் முதலாவது, ஜாண்டன் இரண்டாவது, வைட் அபாரியோ மூன்றாவது. இரண்டு மாதம் கழித்து விட்னியில், ஒரு பர்லாங் கூடியதும், வைட் அபாரியோ முதலாவது, ஜாண்டன் மறுபடியும் இரண்டாவது, கோடீஸ் விஷ் மூன்றாவது. அதே மூன்று குதிரைகள், வரிசை மட்டும் தலைகீழ். ஃபிளைட்லைன் எட்டிலும் பத்திலும் ஒரே மாதிரி ஜெயித்தது. அப்படி ஒரு குதிரை போனால் இடம் தூரவாரியாக உடைகிறது. உங்கள் தாளில் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பக்கத்திலும் பர்லாங்கையும் எழுதுங்கள்.

ஓட்டத்தின் வேகமும் மாறும். லைஃப் இஸ் குட் கதவு திறந்ததும் முன்னால் பாயும் குதிரை. அதன் பின்னால் வந்தவை ஆரம்பத்திலேயே மூச்சு வாங்கின. அப்படி இழுத்துச் செல்ல ஆளில்லாத பந்தயத்தில் முன்னால் போகும் சாதாரண குதிரைகூடக் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். இதை எண்களில் தேடாமல் ஓட்டத்தின் வீடியோவைப் பாருங்கள், முதல் அரை மைலை மட்டும்.

படி 8: எத்தனை பேர் ஓடுகிறார்கள்?

2022 மெட் மைலில் ஐந்து குதிரை. விட்னியில் ஐந்து. பசிபிக் கிளாசிக்கில் ஆறு. சாம்பியன் வருகிறது என்றால் மற்ற உரிமையாளர்கள் வேறு பந்தயம் பார்த்துக்கொள்வார்கள். சாம்பியன் போனதும் ஒதுங்கியிருந்தவர்கள் திரும்புவார்கள். உங்கள் பட்டியலில் இல்லாத பெயர்கள் அப்போது வரும். வரட்டும், கீழே இடம் விட்டு வையுங்கள்.

2023 முடிவில் என் தாள் இப்படி இருந்தது: ஆர்ட் கலெக்டர், ஸ்டிலெட்டோ பாய், டிஃபண்டட், கோடீஸ் விஷ், வைட் அபாரியோ, அரேபியன் நைட், பிரைட் ஃபியூச்சர், மறுபடி வைட் அபாரியோ. எட்டு பந்தயத்துக்கு ஏழு குதிரைகள். பசிபிக் கிளாசிக்கை எடுத்த அரேபியன் நைட் மூன்று வயதுக் குதிரை. மூத்தவை பலவீனமாக இருக்கும் ஆண்டில் இளையவை கோடை முடிவிலேயே உள்ளே வந்துவிடும், அதையும் எதிர்பார்த்திருங்கள்.

சேர்க்கை 1: "எப்போதும் இப்படித்தானா, ஒரே குதிரை இடத்தைப் பிடிப்பதே இல்லையா?" என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். பிடித்ததுண்டு. 2017 நவம்பரில் அரோகேட்டும் 2018 ஜனவரியில் கன் ரன்னரும் போன பிறகு, அக்செலரேட் அந்த ஆண்டே சான்டா அனிடா ஹேண்டிகேப், சான்டா அனிடா கோல்டு கப் (ஹாலிவுட் கோல்டு கப்பின் அப்போதைய பெயர்), பசிபிக் கிளாசிக், பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்று வாரிச் சுருட்டியது. ஆனால் அது எங்கிருந்தோ வந்த குதிரை இல்லை. 2017 ஜூலையில் டெல் மாரில் சான் டியேகோ ஹேண்டிகேப்பில் அரோகேட்டையே தோற்கடித்திருந்தது. ஐந்து வயதிலும் ஓட வைத்தார்கள். படி 4-ஐச் செய்யும்போது "சாம்பியனை எப்போதாவது ஜெயித்திருக்கிறதா, இன்னும் ஓடுகிறதா" என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தப் பெயரை வட்டமிடுங்கள்.

சேர்க்கை 2: இரண்டு பெரிய பந்தயம் வென்ற வைட் அபாரியோ இருக்க, 2023-இன் மூத்த ஆண் குதிரை விருது கோடீஸ் விஷுக்குப் போனது ஏன் என்று இன்னொருவர் கேட்டார். எக்லிப்ஸ் விருது, அதாவது அமெரிக்கப் பந்தயத்தின் இந்த ஆண்டு விருது, புள்ளிக் கணக்கில் வருவதில்லை, பத்திரிகையாளர்கள் உள்ளிட்டோர் வாக்களிப்பது. கோடீஸ் விஷ் அந்த ஆண்டு மெட் மைலோடு சர்ச்சில் டவுன்ஸ், வாஸ்பர்க், பிரீடர்ஸ் கப் டர்ட் மைல் மூன்றையும் ஜெயித்தது. ஏழு, எட்டு பர்லாங்கில் தொடர்ந்து வென்றதற்கு அவர்கள் மதிப்புக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். ஆண்டின் சிறந்த குதிரை விருதும் அதற்கே. அதுவும் அந்தப் பருவத்தோடு பண்ணைக்குப் போய்விட்டது. 2024-க்கான தாளில் நான் முதலில் அடித்த பெயர் அதுதான்.