‘ஒரிஜினல் வண்டி’ என்று எழுதிவிட்டால் போதாது: பழைய டிராக்டர் இழுவைப் போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒஹையோ, அயோவா போன்ற அமெரிக்க மாநிலங்களில் ஊர்த் திருவிழாக்களில் பழைய டிராக்டர் இழுவைப் போட்டி நடக்கும். வண்டிக்குப் பின்னால் ஸ்லெட் என்ற சுமை வண்டியைப் பூட்டுவார்கள். அது நகர நகர, மேலே இருக்கும் எடைப்பெட்டி முன்பக்கம் ஏறிவந்து ஸ்லெட்டின் அடிப்பலகையை மண்ணில் அழுத்தும். போகப் போகச் சுமை கூடும். அதிக தூரம் இழுப்பவர் வெல்வார்.

தாத்தா உழுத வண்டி அதே நிலையில் இழுக்க வேண்டும் என்பதுதான் ‘ஒரிஜினல்’ பிரிவின் அழகு. ஆனால் விதியில் ‘வண்டி ஒரிஜினலாக இருக்க வேண்டும்’ என்று ஒரே வரி எழுதிவிட்டு நிறுத்துவதுதான் முதல் தவறு. எதை அளந்து பார்த்து ஒரிஜினல் என்பது?

1939இல் வந்த ஃபார்மால் எம் வண்டியை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் கொள்ளளவு 248 கன அங்குலம். பிறகு வந்த சூப்பர் எம்மின் 4 அங்குல ஸ்லீவும் (பிஸ்டன் ஓடும் உருளை) பிஸ்டனும் இதே எஞ்சின் பிளாக்கில் உட்காரும், கொள்ளளவு 264 ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்து விவசாயிகளே பெரிய பிஸ்டன் போட்டு உழுதவர்கள்தான். கண்டுபிடிக்க வழியில்லாமல் தடை போட்டால் உண்மை சொல்கிறவர் மட்டும் வெளியேறுவார். என்னைக் கேட்டால் இதை அனுமதித்துவிட்டு, வெளியிலிருந்து அளக்கக்கூடியதைக் கறாராகப் பிடிக்கலாம்.

அதில் முக்கியமானது எஞ்சின் வேகம். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தை ஏற்றுவது மலிவான வேலை, பலனோ பெரிது. கம்பெனி குறித்த வேகம் ஃபார்மால் எம்முக்கு 1450 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1450 சுற்று), ஜான் டீர் ஏ வண்டிக்கு 975. சந்தேகம் வந்தால் 1920இல் தொடங்கிய நெப்ராஸ்கா டிராக்டர் சோதனைகளின் அறிக்கைகளைப் புரட்டலாம். ஆனால் இங்கே நடுவர்களும் ஒரு தவறு செய்வதுண்டு. சுமை இல்லாமல் நிற்கும்போது கவர்னர் உள்ள எஞ்சின் அந்த எண்ணைவிடச் சற்று மேலேதான் ஓடும். நிற்கும் வண்டியில் 1450க்கு மேல் ஓடினால் தோல்வி என்றால், நேர்மையான வண்டியும் மாட்டிக்கொள்ளும். 10 சதவீதம் அளவுக்கு இடம் விட்டால் சரியாக இருக்கும்.

அடுத்தது டிராபார் உயரம், அதாவது ஸ்லெட்டைப் பூட்டும் கொக்கி தரையிலிருந்து இருக்கும் உயரம். பல கிளப்புகளில் 20 அங்குலம்தான் உச்சம். கொக்கி உயர உயர முன்சக்கரத்தின் பாரம் பின்சக்கரத்துக்கு மாறி, பிடிப்பு கூடும். அளந்த பிறகு டயரில் காற்றடித்தால் உயரம் ஏறிவிடும். அதனால் களத்தில் இறங்கும் முன் இன்னொரு முறை அளக்க வேண்டும். எடையையும் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும்.

ஸ்லெட் ஓட்டுபவர் போட்டியின் பாதியில் ஸ்லெட்டின் கியரையோ எடையையோ மாற்றுவதும் நடக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தப் பிரிவில் ஏற்கெனவே இழுத்தவர்கள் எல்லோரும் மறுபடி இழுக்க வேண்டும். கூட்டம் முணுமுணுக்கும், பரவாயில்லை.

அப்புறம், ஒரிஜினல் மாதிரி இருக்க வேண்டும் என்று பாதுகாப்புச் சாதனங்களைக் கழற்றச் சொல்லாதீர்கள். முன்பக்கம் தூக்கினால் தாங்கும் பின்கம்பிகளும், ஸ்லெட்டோடு கட்டிய கயிறு இழுபட்டால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சும் 1939இல் கம்பெனியிலிருந்து வரவில்லைதான். இருக்கட்டும்.